டோரேமானுக்குக் காது உண்டா? சேலம் டு நாமக்கல்... ஒரு ஞாபகப் பயணம்!

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குக் காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். சீலநாயக்கன்பட்டியைத் தாண்டியதும் மல்லூர், ஆண்டகலூர்கேட், புதுச்சத்திரம் என்று நான்குவழிச் சாலை தெற்கே ஓடுகிறது. இடது பக்கம், தூரத்தில் கொல்லிமலை கூடவே வருகிறது. சாலையை விட்டு ஏதாவது ஒரு பிரிவில் உள்ளே இறங்கினால் குச்சிக்கிழங்குக் காடு, சேகோ ஃபேக்டரி, கோழிப்பண்ணை, விசைத்தறிச் சத்தம். இவற்றுக்கு நடுவே ஊருக்கு ஊர் ஒரு நர்சரி பள்ளியோ, அங்கன்வாடியோ இருக்கும். அவற்றின் சுவர்களில் மிக்கி மவுஸும் சோட்டா பீமும் டோரேமானும் சிரித்தபடி நிற்பார்கள்.

வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் அவர்கள் ஒரு விநாடிதான் படுவார்கள். ஆனால், பின்சீட்டுக் குழந்தைகள் ஒருவரையும் விடுவதில்லை. அவர்களில் யாராவது, 'அந்த மிக்கி தப்பா இருக்கு!' என்று கத்தினால் சிரித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். உண்மையில் தப்பு எங்கே இருக்கிறது? சுவரிலா, நம் தலைக்குள்ளா?

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பரீட்சை. போனைத் தொடக் கூடாது. கூகுளிடம் கேட்கக் கூடாது. மனதில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஒன்று: மிக்கி மவுஸின் சிவப்பு டவுசருக்குத் தோளில் மாட்டும் வார் உண்டா?

இரண்டு: மஞ்சள் நிற பிக்காச்சுவின் வால் நுனி என்ன நிறம்?

மூன்று: டோரேமான் பூனை ரோபோதானே... அதன் காது என்ன நிறம்?

நான்கு: டிஸ்னியின் சிண்ட்ரெல்லா, அரண்மனை நடன விருந்துக்குப் போட்டுக்கொண்டு போன கவுன் என்ன நிறம்?

விடை இதோ!

மிக்கியின் வழக்கமான உருவத்தில் வார் கிடையாது. முன்பக்கம் இரண்டு பெரிய பட்டன்கள் மட்டும்தான். டவுசரில் பட்டன் இருந்தால் அதில் வார் மாட்டியிருக்க வேண்டும் என்று மூளை தானாகவே முடிவு செய்துகொள்கிறது. 1928-ல் 'ஸ்டீம்போட் வில்லி' படத்தில் வந்தபோது மிக்கியின் கையில் வெள்ளைக் கையுறைகூட இல்லை. அது அடுத்த ஆண்டுதான் வந்தது.

பிக்காச்சுவின் வால் நுனி மஞ்சள்தான். கறுப்பு இருப்பது காது நுனியில். வாலில் வேறு நிறம் என்றால், அது அடிப்பகுதியில் இருக்கும் பழுப்பு. காதில் பார்த்த கறுப்பை நாம் வாலுக்கும் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம்.

டோரேமானுக்குக் காதே கிடையாது! காதை ஓர் எலி ரோபோ கடித்துவிட்டது என்பதுதான் கதை. 'காது என்ன நிறம்' என்று கேள்வியை வளைத்துக் கேட்டதும் ஒரு விநாடியாவது உங்கள் மனதில் நீல நிறக் காது முளைத்திருக்கும். அந்த ஒரு விநாடியை மறக்காதீர்கள். நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் அது மறுபடியும் தேவைப்படும்.

சிண்ட்ரெல்லா கவுனின் விடை மட்டும் கொஞ்சம் பெரியது. அதற்கு, சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்பு ஏற்காடு சாலை வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு

ஏற்காடு மலையை நோக்கிப் போகும் சாலையின் ஓரத்தில் தனியாக நிற்கிறது மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ இது. இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர், நெசவு ஊரான சேலத்தைச் சினிமா ஊராகவும் மாற்றினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இந்த நிறுவனத்தின் தயாரிப்புகள். இன்று ஸ்டூடியோ இல்லை. அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. வளைவு மட்டும் மிச்சம்.

1956-ல் வந்ததுதான் முதல் முழுநீள வண்ணப்படம் என்றால், அதற்கு முன்பு தமிழ்நாடு முழுக்கத் திரையில் பார்த்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். ஆனால், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'அந்தப் பாட்டுல அவ பச்சைப் பட்டுல வருவா பாரு...' என்று நிறத்தோடு சொல்பவர்கள் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. திரையில் நிறம் இல்லாவிட்டாலும் போஸ்டரில் நிறம் இருந்தது. பாட்டுப் புத்தக அட்டையில் நிறம் இருந்தது. தியேட்டர் வாசலில் பேனர் ஓவியர் பூசிய நிறமும் இருந்தது. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துபோகும். போஸ்டரோ டீக்கடைச் சுவரில் வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகள் கழிந்ததும் மனம் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக ஓட்டுகிறது.

சிண்ட்ரெல்லாவுக்கு நடந்ததும் இதுதான். 1950-ல் வந்த டிஸ்னி படத்தில் அந்த கவுன் வெள்ளி மின்னும் வெண்மை. தலைமுடியும் லேசான செம்பொன் நிறம். ஆனால், பிறகு வந்த பொம்மை, ஸ்கூல் பை, பென்சில் பாக்ஸ், பிறந்தநாள் கேக் எல்லாவற்றிலும் கவுன் வானநீலமாகவும் முடி பளிச் மஞ்சளாகவும் மாறிவிட்டன. படத்தை ஒருமுறை பார்த்த குழந்தை, பென்சில் பாக்ஸைத் தினமும் பார்க்கிறது. நீங்களும் 'நீலம்' என்று சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். நீங்கள் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். என்ன, பார்த்தது படத்தில் அல்ல.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு அது. டிஸ்னிலேண்டில் பக்ஸ் பன்னி முயல் குழந்தைகளோடு கைகுலுக்குவது போன்ற ஒரு போலி விளம்பரத்தை ஆட்களுக்குக் காட்டினார்கள். பிறகு, 'சின்ன வயதில் டிஸ்னிலேண்ட் போனபோது பக்ஸ் பன்னியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். 16 சதவிகிதம் பேர், 'ஆமாம், கை கொடுத்தேன்' என்றார்கள். அப்படி நடந்திருக்கவே முடியாது. பக்ஸ் பன்னி, டிஸ்னியின் போட்டி நிறுவனமான வார்னர் பிரதர்ஸின் சொத்து. டிஸ்னிலேண்ட் கேட்டுக்குள்ளேயே அது வந்திருக்காது!

பிள்ளையார் பிடிக்கப் போய்...

மறுபடி நெடுஞ்சாலைக்கு வருவோம். மல்லூர் தாண்டி ஏதாவது ஒரு கிராமத்துக்குள் திரும்பி, அந்தச் சுவர்களை நின்று நிதானமாகப் பாருங்கள்.

சுவர் ஓவியர் ஒவ்வொரு முறையும் மூலப்படத்தை வைத்துக்கொண்டு வரைவதில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து வரைவார், நர்சரி புத்தகத்தைப் பார்த்து வரைவார், பக்கத்து ஊர்ப் பள்ளிச் சுவரைப் பார்த்து வரைவார். இப்போது போனில் வந்து விழும் படத்தைப் பார்த்து வரைகிறார். பல முறை வரைந்து கை பழகிவிட்டால் எதையும் பார்ப்பதில்லை. மிச்சமிருக்கும் பெயின்ட்டும் ஒரு முடிவை எடுக்கும். இளநீலம் தீர்ந்துவிட்டால் டோரேமான் கருநீலமாகிவிடுவார். நகலின் நகல், அதற்கும் ஒரு நகல் என்று போகும்போது மிக்கிக்கு வார் வருகிறது, வால் காணாமல்போகிறது, சோட்டா பீமுக்கு ஒரு கதாயுதம் முளைக்கிறது.

சோட்டா பீம் கதை இதில் சுவாரஸ்யமானது. ஹைதராபாத் கிரீன் கோல்டு நிறுவனத்தின் ராஜீவ் சிலகா உருவாக்கி, 2008-ல் போகோ சேனலில் வந்தவர் இந்தப் பொடியன். ஊர் தோலக்பூர், உடுப்பு ஆரஞ்சு வேட்டி, பலம் தருவது லட்டு. மகாபாரத பீமனுக்கும் இவருக்கும் பெயர்ப் பொருத்தம்தான் முக்கியமான உறவு. ஆனால், 'பீம்' என்ற பெயரைக் கேட்டதுமே நம் மனம், தெருக்கூத்திலும் காலண்டரிலும் பார்த்த பீமனின் கதாயுதத்தை எடுத்து இந்தக் குட்டிப் பையன் தோளில் சாத்திவிடுகிறது.

80-களில் பிறந்தவர்களுக்கு மௌக்லியிடம் இதே சிக்கல். சிவப்புக் கோவணம் கட்டிக்கொண்டு பலூ கரடியோடு ஆடிப்பாடியவன், டிஸ்னியின் 1967 படத்து மௌக்லி. பூமராங் வீசியவன், 1989-ல் ஜப்பானில் தயாரான தொடரின் மௌக்லி. 90-களில் தூர்தர்ஷனில் இந்தி பேசிக்கொண்டு வந்தவன் இந்த இரண்டாமவன்தான். பலருடைய ஞாபகத்தில் இருவரும் எப்போதோ ஒரே பையனாகிவிட்டார்கள்.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், 1932-ல் வெளியான தன் புத்தகத்தில் இதைச் சொல்லிவிட்டார். ஒருவரிடம் ஒரு படத்தைக் காட்டி, ஞாபகத்திலிருந்து வரையச் சொல்வார். அவர் வரைந்ததை அடுத்தவருக்குக் காட்டுவார். இப்படியே கைமாறிக் கைமாறி, ஓர் ஆந்தைப் படம் கடைசியில் பூனைப் படமாகிப்போனது. நம் ஊரில் இதற்கென்றே பழமொழி இருக்கிறது... பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை!

பார்ட்லெட் சொன்னதன் சாரம் எளிமையானது. ஞாபகம் என்பது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் போட்டோ இல்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாக வரைகிறது. தெரியாத இடங்களை, தனக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை வைத்து நிரப்புகிறது. நம் எல்லோர் தலைக்குள்ளும் ஒரு சுவர் ஓவியர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எல்லோருக்கும் ஒரே தப்பு எப்படி?

ஆளுக்கு ஒரு தப்பு செய்தால் ஆச்சர்யம் இல்லை. சேலத்தில் ஒருவரும் சிகாகோவில் ஒருவரும் பிக்காச்சு வாலுக்கு ஒரே கறுப்பைப் பூசுகிறார்களே, அதுதான் புதிர்.

இதற்கு 'மண்டேலா விளைவு' என்று பெயர். தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா 1980-களிலேயே சிறையில் இறந்துவிட்டதாகத் தனக்கு ஞாபகம் இருப்பதாகவும், அதேபோல் பலருக்கும் இருப்பதாகவும் ஃபியோனா ப்ரூம் என்ற அமெரிக்கப் பெண் எழுதியதிலிருந்து வந்த பெயர் அது. மண்டேலா 1990-ல் விடுதலையானார், 1994-ல் அதிபரானார், 2013-ல்தான் மறைந்தார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபஸ்ரீ பிரசாத், வில்மா பெயின்பிரிட்ஜ் இருவரும் 2022-ல் இதை உருவங்களுக்குப் பொருத்திச் சோதித்தார்கள். கார்ட்டூன் பாத்திரங்கள், நிறுவனச் சின்னங்கள் என 40 படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான படம் ஒன்று, மாற்றப்பட்ட படங்கள் இரண்டு. 100 பேரிடம், 'எது அசல்?' என்று கேட்டார்கள். ஏழு படங்களில் மட்டும், பெரும்பாலானவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே தவறான படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏழில் பிக்காச்சு உண்டு. 'க்யூரியஸ் ஜார்ஜ்' என்ற கதைப் புத்தகக் குரங்கும் உண்டு. ஜார்ஜுக்கு வால் கிடையாது. ஆனால், குரங்கென்றால் வால் இருக்க வேண்டுமே என்று பலரும் வால் வைத்துவிட்டார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் நம்மை யோசிக்க வைக்கின்றன. முதலாவது, தவறாகச் சொன்னவர்கள் சரியாகப் பார்க்காதவர்கள் இல்லை. படத்தை எந்த இடத்தில் எவ்வளவு கவனித்தார்கள் என்று பார்த்தபோது, சரியாகச் சொன்னவர்களுக்கும் தவறாகச் சொன்னவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது, எல்லாத் தப்புக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியவில்லை. குரங்குக்கு வால் வைத்ததைப் பழக்கத்தால் என்று விளக்கலாம். வேறு சில படங்களில் அந்த விளக்கம் செல்லவில்லை. சில உருவங்கள், தம்மைத் தப்பாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அமைந்துவிடுகின்றன போலும்.

ஆக, 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்பது சாட்சி ஆகாது. 'எல்லாருக்கும் அப்படித்தான் ஞாபகம் இருக்கு' என்பதும் சாட்சி ஆகாது. கார்ட்டூனில் இது விளையாட்டு. இனி வரப்போகும் ஊரில் இது விளையாட்டு இல்லை.

லாரி என்ன நிறம்?

நாமக்கல் நெருங்க நெருங்கச் சாலையோரம் லாரி பட்டறைகள் வந்துவிடுகின்றன. இந்தியா முழுக்க ஓடும் லாரிகளுக்கும் டேங்கர்களுக்கும் பாடி கட்டும் ஊர் இது. வெறும் சேஸிஸாக வரும் வண்டி, பட்டறையில் மரமும் இரும்பும் ஏறி, பெயின்ட்டரின் கைக்குப் போய், பூ, மயில், சாமி படம், திருஷ்டி பூதம், பின்பக்கம் குழந்தைகளின் பெயர் என்று அலங்காரத்தோடு வெளியே வருகிறது. பக்கத்தில் திருச்செங்கோடு, போர்வெல் வண்டிகளுக்குப் பெயர்போனது. இரவில் இந்த நெடுஞ்சாலையில் லாரி வரிசை நிற்பதே இல்லை.

இப்படிப்பட்ட சாலையில் ஒரு விபத்து நடந்தால், போலீஸ் முதலில் கேட்கும் கேள்வி... 'வண்டி என்ன நிறம்?' பார்த்தவர் பதில் சொல்வார். உறுதியாகவே சொல்வார். அந்தப் பதிலில் ஒரு டிரைவரின் வேலை, ஒரு குடும்பத்தின் இழப்பீடு, சில நேரம் ஒருவரின் சிறைவாசம்கூடத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பக்ஸ் பன்னி சோதனையில் பார்த்த அதே எலிசபெத் லாஃப்டஸ், 1974-ல் ஜான் பால்மருடன் சேர்ந்து கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். 50 பேரிடம், 'கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் போயின?' என்று கேட்கப்பட்டது. இன்னும் 50 பேரிடம், 'நொறுங்கியபோது' என்பதற்குப் பதிலாக, 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடி ஏதாவது பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர் கண்ணாடி பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர்! படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியில் இருந்த ஒரு வார்த்தை, ஞாபகத்துக்குள் கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டது. டோரேமானுக்கு ஒரு விநாடி காது முளைத்ததே, அதே வித்தைதான்.

அமெரிக்காவில், பல ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டுப் பிறகு டி.என்.ஏ. சோதனையில் நிரபராதி என்று நிரூபணமாகி வெளியே வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில், நேரில் பார்த்தவர்கள் தவறாக அடையாளம் காட்டியது ஒரு காரணமாக இருந்திருக்கிறது. அவர்களில் பலர் பொய்ச் சாட்சிகள் இல்லை. மனதார நம்பிக் கை நீட்டியவர்கள்.

நம் நீதிமன்றங்களும் இதை உணர்ந்தே இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவரை, அவரைப் போன்ற வேறு பலரோடு நிற்கவைத்து அடையாளம் காட்டச் சொல்லும் 'அடையாள அணிவகுப்பை' தாமதமில்லாமல் நடத்த வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்பே சாட்சியிடம் அந்த நபரின் போட்டோ காட்டப்பட்டிருந்தால், அந்த அடையாளத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும். சாட்சி ஞாபகம் வைத்திருப்பது சம்பவ இடத்தில் பார்த்த முகமா, போட்டோவில் பார்த்த முகமா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? படத்து கவுனும் பென்சில் பாக்ஸ் கவுனும் கலந்துபோன அதே கதை.

அதனால், விபத்தையோ திருட்டையோ பார்க்க நேர்ந்தால், அக்கம்பக்கத்தில் பேசுவதற்கு முன்பே, டி.வி-யிலோ வாட்ஸ்அப்பிலோ அதைப் பற்றிப் பார்ப்பதற்கு முன்பே, கண்டதைக் கண்டபடி எழுதிவைத்துவிடுவது நல்லது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். 'நிறம் சரியாகத் தெரியவில்லை' என்பதும் ஒரு நேர்மையான சாட்சிதான்.

மலையும் கவிஞரும் ஆஞ்சநேயரும்

நாமக்கல் ஊருக்குள் நுழைந்ததும் ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது மலைக்கோட்டை. 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாமக்கல்லுக்கு இந்தப் பாறைதான் முகவரி. பாறையின் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரை, மறுபக்கம் ரங்கநாதர் குடைவரை.

இந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர் நாமக்கல் கவிஞர் வெ.இராமலிங்கம் பிள்ளை. 1888-ல் மோகனூரில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டப் பாடல்கள், சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர், எம்.ஜி.ஆர் நடித்து 1954-ல் வெளியான 'மலைக்கள்ளன்' படத்தின் மூலக்கதை என்று பலவற்றுக்காகத் தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் தேர்ந்த ஓவியர் என்பதும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப்பதக்கம் பெற்றவர் என்பதும் எத்தனை பேர் ஞாபகத்தில் இருக்கிறது? பெயரிலேயே 'கவிஞர்' வந்துவிட்டதால் ஓவியர் மறைந்துவிட்டார். ஞாபகம் இல்லாததைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. பெயருக்குப் பொருந்தாததைக் கழித்தும்விடுகிறது.

மலையடிவாரத்தில், நரசிம்மரை நோக்கி நிற்கிறார் நாமக்கல் ஆஞ்சநேயர். 18 அடி உயரம், மேலே கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவர் மேல்தான். இந்தப் பயணத்தின் கடைசிக் கேள்வி இவரைப் பற்றியதுதான். கோயிலுக்குப் போகும் முன்பு வண்டியிலேயே குழந்தைகளிடம் கேளுங்கள். 'ஆஞ்சநேயர் கையில் என்ன வைத்திருப்பார்?'

கார்ட்டூன் அனுமனைப் பார்த்து வளர்ந்த குழந்தை யோசிக்காமல் 'கதாயுதம்' என்றோ, 'மலை' என்றோ சொல்லும். 2005-ல் வந்த 'ஹனுமான்' அனிமேஷன் படத்துக்குப் பிறகு பொம்மை, முகமூடி, ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் கதாயுதம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால், நாமக்கல் ஆஞ்சநேயர் இரு கைகளையும் கூப்பி நிற்கிறார். எதிரே இருப்பவரை வணங்கும் கோலம் அது. அந்தக் கூப்பிய கைகளில்தான் இந்தத் தலத்தின் கதையே இருக்கிறது. கதாயுதத்தை மனதில் வைத்துக்கொண்டு அவசரமாகக் கும்பிட்டு நகர்ந்துவிட்டால், அது கண்ணில் படாமலேயே போய்விடும்.

இங்கே அடிக்கடி வருகிறவர்களிடையேகூட ஞாபகம் மாறுபடும். வடைமாலை சாத்திய நாளில் பார்த்தவருக்கு மார்பு முழுக்க வடைமாலை ஞாபகம். வெண்ணெய்க்காப்பு நாளில் வந்தவருக்கு வெள்ளை வெளேரென்ற திருமேனி. சந்தனக்காப்பு, முத்தங்கி, தங்கக் கவசம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கோலம். ஒரே சிலையைப் பற்றி ஒரே வீட்டில் இருக்கும் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னாலும், நான்கும் உண்மையாக இருக்கலாம். யார் சரி என்று சண்டை போடுவதற்கு முன்பு, 'நீ என்னைக்குப் பார்த்தே?' என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்!

விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் காலையில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் நாமக்கல் வந்துவிடலாம். சேலத்திலிருந்து பஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு மலைக்கோட்டை ஏறினால் கால் சுடாது.

வழியில் பொழுதுபோக ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஆளுக்கு ஒரு மிக்கியை, ஒரு டோரேமானை, ஒரு சோட்டா பீமை ஞாபகத்திலிருந்து வரையுங்கள். வரைந்து முடித்த பிறகு மட்டும் போனை எடுத்து அசல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவும் தப்பு, அம்மாவும் தப்பு, தாத்தாவும் தப்பு என்று தெரியும்போது குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். கூடவே, தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைப்பதையும் இன்னொரு முறை பார்த்துச் சரிசெய்துகொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். பரீட்சைக்கும் அது உதவும். நாளை ஏதோ ஒரு விபத்தில், 'வண்டி என்ன நிறம்?' என்று யாராவது அவர்களிடம் கேட்டால், அன்றைக்கும் உதவும்!